குழந்தையின் பெயரால்

1984-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் அமெரிக்க நாட்டுக் கொட்டகைகளில் ஒரு படம் வெளியாயிற்று. ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ என்பது அதன் பெயர். மூன்றாண்டுகளுக்கு முன் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டிய ஒரு படத்தை அடுத்து வந்த இரண்டாம் படம் அது. முதற் படத்தைக் கண்டு களித்த சிறுவர் சிறுமியர், தாய் தந்தையர் கையைப் பற்றிக்கொண்டு ஆவலோடு சென்றனர். விளம்பரத் தாளில் ‘பி.ஜி.’ என்ற ஈரெழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. பெற்றோர் வழிகாட்டுவது நன்று என்பது அதன் பொருள். எந்த வயதினரும் போகலாம், தடையில்லை.

போனவர்கள் கண்டதென்ன? பாதாளக் கோவில். பந்த வெளிச்சம். பூசாரி ஒருவன், உயிரோடு கட்டுண்டு கிடக்கும் மனிதனின் மார்புக்குள் கையைச் செலுத்தி, துடிதுடிக்கும் இதயத்தைப் பறித்தெடுக்கிறான். பறிகொடுத்தவன் தீக்குழியில் இறக்கப்படுகிறான். ஏழு வயதுக் குழந்தை வீறிட்டு அலறாமல் வேறென்ன செய்யும்?

இரண்டு வாரம் சென்றது. ஜூன் 8-இல் ‘கிரெம்லின்ஸ்’ வந்தது. பொம்மை போன்ற குறும்புப் பிராணிகள் வரும் படம் என்று நம்பி அழைத்துச் சென்றவர்கள், சமையற்கட்டில் அந்தப் பிராணிகள் அரவைப் பொறியில் அரைபடுவதையும் மின்னடுப்பில் வெடித்துச் சிதறுவதையும் கண்டனர். அதற்கும் அதே ‘பி.ஜி.’. முதற் படத்தை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இரண்டாவதன் தயாரிப்பில் பொறுப்பேற்றவரும் அவரே. பெற்றோர் கொதித்தனர், ஏடுகள் கண்டித்தன. ஜூலை முதல் நாளன்று ‘பி.ஜி.-13’ என்றொரு புதிய வயதுக் குறி பிறந்துவிட்டது. நாற்பது நாட்கூட ஆகவில்லை!

சட்டமன்றம் கூடி விவாதித்துப் பிறப்பித்த குறியல்ல அது. நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புமல்ல. படமெடுக்கும் பெருநிறுவனங்கள் தமக்கென வைத்திருக்கும் சங்கம், தன் தலைவர் ஜாக் வாலன்டியின் வாயிலாக அறிவித்தது. இடையில் ஒரு குறி வேண்டும் என்று அவரிடம் யோசனை சொன்னவர் யார் தெரியுமா? ஸ்பீல்பெர்க்கேதான். யோசனை பிழையென்று நாம் கூறவில்லை. ஆனால், சமைத்தவரும் அவர், காரம் கூடிப்போயிற்று என்று சொன்னவரும் அவர், இலையில் எழுதவேண்டிய எச்சரிக்கையை வகுத்துத் தந்தவரும் அவர் என்றால், உண்பவனுக்கு அந்தப் பந்தியில் இடமெங்கே என்று கேட்கத்தான் வேண்டும்.

குழந்தையைக் காப்பதற்கென்று வகுக்கப்பட்ட கோடு எவர் கையால் வரையப்பட்டது, எவர் வசதிக்காக நகர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண 1984-இலிருந்து எழுபதாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1915-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. ஓஹையோ மாநிலத் தணிக்கைக் குழுவை எதிர்த்து மியூச்சுவல் என்னும் படநிறுவனம் தொடுத்த வழக்கு. பத்திரிகைக்குள்ள பேச்சுரிமை படத்துக்கும் உண்டா என்பது கேள்வி. இல்லை என்றனர் ஒன்பது நீதிபதிகளும், ஒருமனதாக! படம் காட்டுவது வெறும் வாணிபம், கருத்தைப் பரப்பும் கருவியன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. மாவும் எண்ணெயும் போலப் படமும் ஒரு சரக்கு. சரக்கைச் சோதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. இத்தீர்ப்பின் நிழலில் மாநிலந்தோறும் ஊர்தோறும் கத்தரிக்கோல்கள் கிளம்பின. ஓரூரில் ஓடிய காட்சி மறுவூரில் ஓடாது. முதலாளிகள் திகைத்தனர். பிறர் வெட்டுமுன் நாமே வெட்டிக்கொள்வோம் என்று 1922-இல் சங்கம் கண்டு, அதற்குத் தலைவராக, நாட்டின் அஞ்சல் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலகிய வில் ஹேஸ் என்பாரை அமர்த்தினர்.

நெறிமுறை ஒன்று 1930-இல் எழுதப்பட்டது. எழுதியவர் கலைஞரா? ஆசிரியரா? உளநூல் அறிந்தவரா? அல்லர். டேனியல் லார்ட் என்னும் ஏசுசபைப் பாதிரியார் ஒருவர்; அவரோடு கத்தோலிக்கரான ஏட்டாசிரியர் மார்ட்டின் குவிக்லி. அந்த நெறிமுறை விதித்தவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துரைத்தால் போதும். சமயக் குருமாரை நகைப்புக்குரியவராகவோ கொடியவராகவோ காட்டலாகாது. வெள்ளையருக்கும் கருப்பருக்கும் இடையே காதலுறவைக் காட்டலாகாது. கலப்பு மணத்தை மேடைதோறும் வற்புறுத்தும் நம் தோழர்கள் இரண்டாம் விதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். ஒழுக்கம் என்ற பெயரில் நிறவெறியும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

நான்காண்டுகள் அந்த நெறிமுறை ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. பற்கள் முளைத்தது 1934-இல். கத்தோலிக்கத் திருச்சபை ‘ஒழுக்கப் படையணி’ ஒன்றைத் திரட்டி, தகாத படத்தைப் பார்ப்பதில்லை என்று இலட்சக்கணக்கானோரிடம் உறுதிமொழி வாங்கிற்று. முதலாளிகள் நடுங்கினர். ஜோசப் பிரீன் என்பாரின் கீழ் ஓர் அலுவலகம் அமைந்தது. அதன் முத்திரை பெறாத படத்தை வெளியிட்டால் தண்டம் 25,000 டாலர். பெரிய நிறுவனங்களே பெரிய கொட்டகைகளுக்கும் உடைமையாளராக இருந்தமையால், முத்திரையில்லாப் படத்துக்குத் திரையே கிடைக்காது. எனவே தண்டத்தைவிடப் பெரிய தண்டனை அது.

ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டுகிறோம். இந்த ஏற்பாட்டில் வயது என்ற பேச்சே இல்லை. ஏழு வயதுச் சிறுமிக்கும் எழுபது வயது முதியவருக்கும் ஒரே படம், ஒரே அளவு. குழந்தைக்கு ஆகாதது கிழவனுக்கும் ஆகாது! நாட்டு மக்கள் அனைவரையும் என்றென்றும் பிள்ளைப் பருவத்திலேயே நிறுத்திவைத்தால் காவலுக்கு நிற்பவர் கதி உயர்வுதானே? மதபீடங்கள் பலவும் நெடுங்காலமாகக் கையாண்ட முறைதான் இது. புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

தொடர்ந்து வரும் படங்களின் கதை இங்கேதான் சுவையுடையதாகிறது. ஒரு படம் காசைக் கொட்டினால் அதன் தலைமகனை மீண்டும் உயிர்ப்பித்து அடுத்த படம் எடுப்பது அந்நாளிலேயே வழக்கம். 1932-இல் ‘டார்ஜான்’ படம் வென்றது. 1934-இல் ‘டார்ஜானும் அவன் துணைவியும்’ என்று அடுத்தது வந்தது. நடுவே வந்தது பிரீனின் ஆட்சி. நீருக்கடியில் துணைவி ஆடையின்றி நீந்தும் காட்சி வெட்டியெறியப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1980-களில்தான் மக்கள் பார்வைக்கு மீண்டது. 1936-இல் வந்த மூன்றாம் படத்தில் துணைவியின் உடை நீண்டுவிட்டது. 1939-இல் இருவருக்கும் ஒரு மகன் வேண்டியிருந்தது. மணச்சடங்கு காணாத இருவருக்குத் தணிக்கையின் ஆட்சியில் மகன் பிறப்பதெப்படி? வானூர்தி ஒன்று காட்டில் வீழ்ந்தது. அதிலிருந்து குழந்தை கிடைத்தது! புராணிகர்கள் பொறாமைப்படக்கூடிய பிறப்பு.

‘பிராங்கன்ஸ்டைன்’ கதை இதைவிட ஆழமானது. 1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படம். பிணத்துண்டுகளை ஒட்டி உயிரூட்டுகிறான் ஒரு விஞ்ஞானி. உயிர் அசைவதைக் கண்ட வெறியில், கடவுளாக இருப்பது எத்தகையது என்று இப்போது தனக்குத் தெரிந்துவிட்டதாகக் கூவுகிறான். பிற்பாடு, அவன் படைத்த அந்த உருவம் ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறது. பூக்கள் தீர்ந்துபோகின்றன. பூவைப்போல் இவளும் மிதப்பாள் என்று எண்ணி, சூதறியாத அந்தப் பேருருவம் சிறுமியைத் தூக்கி நீரில் எறிந்துவிடுகிறது. அவள் மூழ்கிப்போகிறாள்.

1930-களின் பிற்பகுதியில் இப்படம் மறுமுறை வெளியிடப்பட்டபோது பிரீனின் அலுவலகம் இரண்டிலும் கைவைத்தது. கடவுளைப் பற்றிய சொல் மறைக்கப்பட்டது. சிறுமியை எறியும் காட்சி அறுக்கப்பட்டது. விளைவு யாது? உருவம் சிறுமியை நோக்கிக் கைநீட்டுகிறது. உடனே படம் வெட்டுப்படுகிறது. அடுத்து, தந்தை அவள் பிணத்தைச் சுமந்துகொண்டு தெருவில் வருகிறான். இடையில் என்ன நடந்தது? பார்ப்பவர் மனம் எதை எதையோ எண்ணும். அறியாமையால் நேர்ந்த விபத்தாக இருந்தது, பேசவொண்ணாக் கொடுமையாக மாறிவிட்டது. காப்பாற்ற நீட்டிய கத்தரிக்கோல் காட்சியைக் கறைப்படுத்திவிட்டது. இப்பகுதி முழுமையாக மீட்கப்பட்டது 1980-களில்.

1935-இல் வந்த இரண்டாம் படமான ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ எழுத்தில் இருக்கும்போதே அதே அலுவலகத்தின் கையில் சிக்கிற்று. கொலைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. விஞ்ஞானியின் செயலைக் கடவுளின் படைப்போடு ஒப்பிடும் இடங்களுக்கு ஆட்சேபம் எழுந்தது. சிறுவர் அஞ்சுவரே என்ற கவலையும், கடவுளுக்கு இழுக்கு நேருமே என்ற கவலையும் ஒரே காகிதத்தில் ஒரே மையில் எழுதப்பட்டிருந்ததை நாம் மறக்கலாகாது. முதற் கவலையில் நியாயம் உண்டு. இரண்டாவது அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்தது.

அந்தச் சவாரியை நிறுத்தியது 1952-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் ‘அற்புதம்’ என்னும் குறும்படம், 1948-இல் எடுக்கப்பட்டது. ஏழைப் பெண் ஒருத்தி, வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பி ஏமாந்து கருவுறுகிறாள். ஊரார் அவளை எள்ளி நகையாடுகின்றனர். நியூயார்க்கில் காட்டப்பட்டதும் கர்தினால் ஸ்பெல்மன் சீறியெழுந்தார். சமயத்தை இழிவு செய்கிறது என்று கூறி 1951-இல் மாநிலத்தார் உரிமத்தைப் பறித்தனர். விநியோகித்தவரான ஜோசப் பர்ஸ்டின் பணியவில்லை, உச்சநீதிமன்றம்வரை சென்றார். சமயக் கொள்கைகளைத் தாக்குதலிலிருந்து காப்பது அரசின் வேலையன்று, திரைப்படமும் கருத்தைப் பரப்பும் கருவியே என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1915-இல் சரக்கு என்று தள்ளப்பட்டது, முப்பத்தேழு ஆண்டு கழித்துப் பேச்சு என்று ஏற்கப்பட்டது. கொட்டகைகளை விற்றுவிட வேண்டும் என்று நிறுவனங்கள் மீது 1948-இல் மற்றொரு தீர்ப்பும் இறங்கியிருந்ததால், முத்திரையின் வலிமையும் குன்றிவிட்டது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வேறு நுழைந்துவிட்டது. வீட்டில் காணமுடியாததைக் காட்டினாலொழியக் கொட்டகைக்கு ஆள் வராது.

எல்லாரையும் குழந்தையாக்கும் முறை இற்றுவிழுந்தது. அப்படியானால் உண்மையிலேயே குழந்தையாக இருப்பவனுக்கு என்ன வழி? 1968 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பதினாறு வயதுச் சிறுவனுக்குப் பெண்களின் ஆடையற்ற படங்கள் நிறைந்த இதழ்களை விற்ற கடைக்காரரின் வழக்கில், பெரியவர் படிக்கத் தகுந்ததைச் சிறுவருக்கு விற்க மாநிலம் தடைவிதிக்கலாம் என்றனர். டாலஸ் நகரம் படங்களுக்கு வயது வரம்பு விதித்த வழக்கிலோ, விதியின் சொற்கள் தெளிவற்றவை என்று அதைத் தள்ளிவிட்டனர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குப் புரிந்தது: தெளிவான சொற்களில் எழுதினால் எந்த ஊரும் வயதுக்கோடு வரையலாம். ஊருக்கொரு கோடு வந்தால் வாணிபம் என்னாவது? ஆகவே சங்கம் முந்திக்கொண்டது. 1968 நவம்பர் முதல் நாள் நான்கு எழுத்துக்கள் நடைமுறைக்கு வந்தன. ‘ஜி’ அனைவருக்கும். ‘எம்’ முதிர்ந்தோர்க்கு, பின்னாளில் இதுவே பெயர் மாறிப் ‘பி.ஜி.’ ஆயிற்று. ‘ஆர்’ என்றால் பெரியவர் துணையின்றிச் சிறுவர் நுழையலாகாது. முதலில் பதினாறுக்குக் குறைந்தோர், 1970 முதல் பதினேழுக்குக் குறைந்தோர். ‘எக்ஸ்’ என்றால் சிறுவர்க்கு அறவே தடை.

இதை நாம் முன்னேற்றம் என்றே கூறுவோம். வளர்ந்தவன் வளர்ந்தவனாக மதிக்கப்பட்டான். குழந்தைக்குத் தனிக் கவனம் கிடைத்தது. பாதிரியாரின் நெறிமுறை பரணுக்குப் போயிற்று. ‘எக்ஸ்’ பெற்ற ‘மிட்நைட் கவ்பாய்’ 1969-ஆம் ஆண்டின் சிறந்த படமாக ஆஸ்கர் பரிசு பெற்றதே போதிய சான்று. ஆனால் அந்த ‘எக்ஸை’ச் சங்கம் தன் உடைமையாகப் பதிவு செய்யவில்லை, கண்டவரும் எடுத்து ஒட்டிக்கொண்டனர், இழிபடம் எடுப்போர் ஒன்றுக்கு மூன்றாக ஒட்டினர். ஏடுகள் விளம்பரத்தை மறுத்தன. நல்ல படமும் அந்த எழுத்தைக் கண்டு ஓடிற்று. 1990-இல் வேறு பெயர் சூட்டியும் தீட்டு நீங்கவில்லை.

கோட்டை வரைந்தவர் சரக்கு விற்பவரே. அது ஓரளவு நேராகவே நின்றது, இரண்டாம் பாகங்களின் காலம் வரும்வரையில்.

பாகம் இரண்டு என்று பெயரிலேயே பொறித்துக்கொண்டு 1974-இல் வந்த ‘காட்பாதர்’ பரிசும் பொருளும் குவித்தது. 1975-இல் ‘ஜாஸ்’, 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’. இரண்டுமே ‘பி.ஜி.’ பெற்றவை, இரண்டையும் தொடர்ந்து அடுத்தடுத்த படங்கள் வந்தன. அடுத்த படம் என்பது என்ன? எடுப்பதற்கு முன்பே விற்றுப்போன சரக்கு. பார்ப்பவர் கூட்டம் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறது. அதன் வயதும் முன்கூட்டியே தெரியும். ஆனால் கண்டதையே மீண்டும் காட்டினால் கூட்டம் கலையும். எனவே முன்னதைவிட மிகுதியான வேகமும் அச்சமும் வேண்டும். கூடிய காரம், குறையாத வயதுக் கூட்டம்! இரண்டையும் ஒருசேரக் கேட்கும் பொருள் அது. வயதுக்கோட்டின் மேல் விழுந்த பாரம் இதுதான்.

1981-இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்திலேயே இதன் அறிகுறி தென்பட்டது. இறுதியில் பகைவன் ஒருவன் தலை வெடித்துச் சிதறும் காட்சிக்கு ‘ஆர்’ கிடைக்கும் என்று தெரிந்ததும், அதன்மேல் தீச்சுவாலையை அடுக்கி மறைத்துப் ‘பி.ஜி.’ வாங்கினர். இரண்டாவதில் சுவாலையும் இல்லை.

அந்த இரண்டாம் படத்துக்கு நம்மோடும் ஒரு தொடர்புண்டு. கதை நிகழுமிடம் 1935-ஆம் ஆண்டு இந்தியா. கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் வேண்டுமென்றது, படக்குழு இசையவில்லை, 1983-இல் இலங்கையின் கண்டிப் பகுதியில் கிராமமும் தொங்குபாலமும் அமைத்துப் படமெடுத்தனர். இந்தியாவில் சில காலம் படத்துக்குத் தடையும் இருந்தது. நரபலிப் பூசாரியாக நடித்தவர் நம் நாட்டு நடிகர் அம்ரிஷ் பூரி. அரண்மனை விருந்தில் குரங்கின் மூளையைப் பரிமாறுகிறார்கள், இந்திய விருந்தாம்! மூடநம்பிக்கையை நாம் சாடுவது ஒன்று. பிறநாட்டான் நம் மக்களைக் காட்டுமிராண்டிகளாகத் தீட்டிக் காசு பார்ப்பது முற்றும் வேறு. இதயம் பறிக்கும் காட்சிக்காக வயதுக்குறி மாறிற்று. குரங்குமூளை விருந்துக்காக எந்தக் குறியும் மாறவில்லை. அமெரிக்கச் சிறுவன் ஒருவன் அப்படத்திலிருந்து நம்மைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்பியிருப்பான்? அந்த அளவுகோலில் குருதியை அளக்க இடமிருந்தது; பொய்யை அளக்க இடமில்லை.

‘பி.ஜி.-13’ முதலில் கொட்டகையேறியது 1984 ஆகஸ்டில், ‘ரெட் டான்’ என்னும் போர்ப் படத்தோடு. இந்தக் குறி எவரையும் தடுப்பதில்லை. பதின்மூன்றுக்குக் குறைந்தோரின் பெற்றோருக்குக் கடுமையான எச்சரிக்கை, அவ்வளவே. பன்னிரண்டு வயதையும் பதினான்கு வயதையும் ஒரே பலகையில் அமர்த்திப் பாடம் சொல்லும் நமக்கு, பதின்மூன்றாம் பிறந்த நாளன்று ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எந்தக் கதவு திறந்துவிடுகிறது என்பது இன்னும் விளங்கவில்லை. பிரிட்டனில் அதே படத்தைச் சில காட்சிகள் வெட்டியே ‘பி.ஜி.’யாக விட்டனர், அங்கே ‘12’ என்னும் குறி 1989-இல் வந்தது, அது தடைக்குறி. 2002-இல் பெரியவர் துணையோடு வரலாம் என்று அதையும் தளர்த்தினர். நம் நாட்டில் 1983-இல் ‘யு’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே ‘யுஏ’ வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்றாகப் பகுத்தது.

அமெரிக்காவில் நடுக்கோடு வேலியாக நிற்கவில்லை. விரைவில் அதுவே சந்தையாயிற்று. 1997-இன் ‘டைட்டானிக்’, 2009-இன் ‘அவதார்’, 2019-இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்று உலகெங்கும் பணம் வாரிய படங்கள் ‘பி.ஜி.-13’ பெற்றவையே. ‘ஜி’ என்றால் பாப்பாப் படம் என்று பதினைந்து வயதினன் முகம் சுளிப்பான். ‘ஆர்’ என்றால் வாயிலில் நிறுத்துவார்கள். நடுவில் நின்றால் இருவரையும் வளைக்கலாம்.

மேலேயுள்ள கோட்டிலிருந்து கீழே இறங்கிய தொடர்களைப் பார்த்தால் உண்மை இன்னும் பளிச்சிடும். போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய வீரனை ஊர்க் காவலர் துன்புறுத்தும் கதையாக 1982-இல் வந்தது முதல் ‘ராம்போ’ படம். ‘ஆர்’ குறி. 1985-இல் இரண்டாம் படம், மனச்சிதைவு போய்ப் பீரங்கி வந்தது, அதுவும் ‘ஆர்’. சிறுவர் தனியே பார்க்கலாகாத படம்! ஆனால் 1986-இல் அதே ராம்போ சிறுவர்க்கான கேலிச்சித்திரத் தொடராகத் தொலைக்காட்சியில் தோன்றினான்; பொம்மைக் கடையிலும் நின்றான். கொட்டகை வாயிலில் ‘உள்ளே வராதே’ என்றவன், கடை வாயிலில் ‘வா, வாங்கு’ என்று கைகாட்டினான். ‘ரோபோகாப்’ கதையும் இதேதான். 1987-இல் முதல் படத்துக்கு ‘எக்ஸ்’ கிடைத்தது. பலமுறை வெட்டி வெட்டி ‘ஆர்’ பெற்றனர். பெருநிறுவனங்கள் காவல்துறையையே விலைக்கு வாங்குவதை எள்ளி நகையாடிய படம் அது. மறு ஆண்டே பொம்மைகளும் சிறுவர் தொடரும். 1993-இல் மூன்றாம் படம் ‘பி.ஜி.-13’ ஆகவே எடுக்கப்பட்டது. குருதி போயிற்று, கூடவே நையாண்டியின் கூர்மையும் போயிற்று, படமும் படுத்துவிட்டது. பெருநிறுவனத்தைக் கிண்டல் செய்த கதை, பெருநிறுவனத்தின் பொம்மையாகி முடிந்தது!

குருதி போனால் நல்லதுதானே என்பீர்கள். அங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். நடுக்கோட்டின் இலக்கணம் துப்பாக்கியைத் தடுக்கவில்லை; துப்பாக்கி சுட்டால் என்னவாகும் என்று காட்டுவதைத் தடுத்தது. ஆயிரம் குண்டு பாயலாம், நூறு பேர் விழலாம், ஒரு துளி சிந்தலாகாது. 2013-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு, ‘பி.ஜி.-13’ படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-லிருந்து மும்மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாகவும், 2012-இல் ‘ஆர்’ படங்களையே விஞ்சிவிட்டதாகவும் கணக்கிட்டுரைத்தது. வலியில்லாத சாவை, அழுகையில்லாத சாவைப் பிள்ளைக்குக் காட்டுவது காப்பாகுமா? ஏரியில் மூழ்கிய சிறுமியின் காட்சியை அறுத்தெறிந்தவர்கள் செய்த அதே பிழையன்றோ இது! அன்று காரணத்தை அறுத்து விளைவைக் காட்டினர். இன்று காரணத்தைக் காட்டி விளைவை அறுக்கின்றனர்.

எல்லாத் தொடர்களையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. ‘ஹாரி பாட்டர்’ படங்கள் எட்டு. 2001 முதல் 2011 வரை வந்தவை. முதல் மூன்றும் ‘பி.ஜி.’. பள்ளித் தோழன் ஒருவன் கொல்லப்படும் நான்காவதற்கு, 2005-இல் ‘பி.ஜி.-13’. நடித்த பிள்ளைகளும் வளர்ந்தனர், பார்த்த பிள்ளைகளும் வளர்ந்தனர், கதையின் துயரமும் அவர்களோடு வளர்ந்தது. ஆறாவது மட்டும் மீண்டும் ‘பி.ஜி.’க்கு இறங்கிற்று, ஏனையவை ஏறியே நின்றன. கோடு வயதோடு சேர்ந்து நடக்கவும் கூடும் என்பதற்கு இதைக் காட்டலாம். வகுப்புக்கு வகுப்பு பாடநூல் கனப்பதை ஒத்தது அது.

எழுத்தை வழங்குவோர் யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வாழும் பெற்றோர் சிலர் என்று சங்கம் கூறும். தலைமைப் பொறுப்பிலுள்ளவர் தவிரப் பிறர் பெயரை வெளியிடுவதில்லை. தீர்ப்பை எதிர்த்து முறையிட்டால் கேட்போர் படநிறுவனத்தாரும் கொட்டகைக்காரருமே. 2006-இல் கர்பி டிக் என்னும் இயக்குநர் துப்பறிவாளரை அமர்த்தி அப்பெயர்களைத் தேடிப்பிடித்து ஆவணப்படமாக வெளியிட்டார். முறையீட்டுக் கூட்டத்தில், கத்தோலிக்கத் தரப்பில் ஒருவர், பிற திருச்சபைகள் தரப்பில் ஒருவர் எனக் குருமார் இருவர் அமர்ந்திருந்ததும் அப்போது ஊரறிந்தது. 1930-இல் முன்வாசல் வழியே வந்தவர்கள், 1968-இல் விடைபெற்றுச் சென்றார்கள் என்றல்லவா நாம் எண்ணியிருந்தோம்!

இனி ஓர் அண்மைக்காலச் செய்தி. 2016-இல் ‘டெட்பூல்’ என்னும் படம் ‘ஆர்’ குறியோடே வந்து உலகெங்கும் 78 கோடி டாலருக்கு மேல் குவித்தது. பெரியவர்க்கென்று எடுத்தாலும் காசு வருமென்றால் பெரியவர்க்கே எடுக்கலாமே! 2018 மே மாதம் இரண்டாம் பாகமும் ‘ஆர்’ குறியோடு வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12-இல் அந்த இரண்டாம் பாகத்தையே எடுத்து, குருதியையும் வசையையும் நீக்கி, சில புதுக் காட்சிகளைச் சேர்த்து, வேறு பெயர் சூட்டிப் ‘பி.ஜி.-13’ ஆக மறுபடியும் கொட்டகைக்கு அனுப்பினர். அதே கதை, அதே நடிகர், அதே ஆண்டு. மே மாதத்தில் வாயிலில் நிறுத்தப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் டிசம்பரில் சீட்டு வாங்கி உள்ளே போனான். அவன் கொடுத்த காசில் ஒரு டாலர் புற்றுநோய் எதிர்ப்பு நிதிக்கும், எஞ்சியது வழக்கமான இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.